பூட்டுக்குள் நுழையும் பொய்ச்சாவி: நொதித் தடுப்பான்களும் விவசாயிகளும்

கிராமங்களில் நடைபெறும் பயிர்ப் பாதுகாப்புப் பயிற்சி முகாம்களில் விவசாயிகள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மருந்து அடித்த இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி வாயில் நுரை தள்ளியது, வியர்த்துக் கொட்டியது. ஒருவர் மறுநாளே எழுந்து நடமாடினார். மற்றவர் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இது ஏன்?" என்பதே அந்தக் கேள்வி. உடல்வாகு, நேரம் என்று பலரும் பல காரணம் சொல்வார்கள். நஞ்சு உட்சென்ற அளவும் ஒரு காரணம்தான். ஆனால் முக்கியமான காரணம் வேறு. அந்த இரண்டு மருந்துகளும் உடலில் உள்ள ஒரே நொதியைத்தான் தடுத்தன. தடுத்த விதம்தான் வேறு வேறு.

பூச்சிமருந்து, களைக்கொல்லி, கோழிக்கும் ஆட்டுக்கும் கொடுக்கும் மருந்து, இளஞ்சோளத்தில் உள்ள நஞ்சு ஆகிய இவற்றில் பல ஏதேனும் ஒரு நொதியைத் தடுத்தே வேலை செய்கின்றன. தடுக்கும் வகை எது என்று தெரிந்துகொண்டால், எவ்வளவு கொடுப்பது, எத்தனை நாள் காத்திருப்பது, எந்த மருந்தை எதனுடன் மாற்றிப் பயன்படுத்துவது என்பதெல்லாம் எளிதில் விளங்கும். அவ்வகைகளை இவ்வாரம் பார்ப்போம்.

நொதி என்பது என்ன?

நெல்லை ஊறவைத்து முளைகட்டினால் உள்ளே இருக்கும் மாவு இனிப்பாக மாறுகிறது. மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும் பொருள் முளைவிடும் விதையில் உண்டாவதே இதற்குக் காரணம். இப்படி உயிருள்ளவற்றில் ரசாயன மாற்றங்களை விரைவுபடுத்தும் புரதப் பொருளுக்கு நொதி என்று பெயர். ஆங்கிலத்தில் இதை என்சைம் என்பர். நாம் உண்ட சோறு செரிப்பதும், வயலில் இட்ட யூரியா அம்மோனியாவாக மாறுவதும் நொதிகளால்தான். நொதியைத் தூய படிகமாக முதன்முதலில் பிரித்தெடுத்துக் காட்டியவர் அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் சம்னர். 1926-ல் அவர் வாளவரை இனத்தைச் சேர்ந்த ஒரு பயறிலிருந்து யூரியாவைச் சிதைக்கும் யூரியேஸ் என்ற நொதியைப் பிரித்தெடுத்தார்.

ஒவ்வொரு நொதிக்கும் ஒரு குறிப்பிட்ட வேலைதான் உண்டு. எந்தப் பொருளின் மீது அது வேலை செய்கிறதோ அதைத் தளப்பொருள் என்கிறோம். நொதியில் உள்ள ஒரு சிறு பள்ளத்தில் தளப்பொருள் வந்து பொருந்துகிறது. இந்தப் பள்ளத்துக்குச் செயல்மையம் என்று பெயர். பூட்டும் சாவியும் போல இவை பொருந்துகின்றன என்று ஜெர்மானிய விஞ்ஞானி எமில் பிஷர் 1894-ல் விளக்கினார். தளப்பொருள் மாற்றமடைந்து வெளியேறியதும், நொதி அடுத்த தளப்பொருளுக்குத் தயாராகி விடும். ஆகவே மிகச் சிறிதளவு நொதி ஏராளமான வேலையைச் செய்து முடிக்கும். இதே காரணத்தால் மிகச் சிறிதளவு நஞ்சும் பெரிய கேட்டை விளைவிக்கும்.

தடுப்பான்களில் மூன்று வகை

நொதியின் வேலையைக் குறைக்கும் அல்லது நிறுத்தும் பொருளைத் தடுப்பான் என்கிறோம். வீட்டுப் பூட்டை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம்.

முதல் வகை, போட்டித் தடுப்பான். உருவத்தில் தளப்பொருளைப் போலவே இருக்கும் பொய்ச்சாவி இது. சாவித் துளைக்குள் நுழையும், ஆனால் திருகாது. அது உள்ளே இருக்கும்வரை உண்மைச் சாவி நுழைய முடியாது. பிறகு அதுவே வெளியே வந்துவிடும். யார் முதலில் நுழைவது என்பதில்தான் போட்டி. உண்மைச் சாவிகள் ஏராளமாக இருந்தால் பொய்ச்சாவி தோற்கும். பொய்ச்சாவிகள் மிகுந்தால் உண்மைச் சாவி தோற்கும். இரண்டும் நொதியைப் பற்றிக்கொள்ளும் வலிமை சமம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சம அளவில் இருந்தால் நொதிகளில் பாதி பொய்ச்சாவியிடம் சிக்கும். உண்மைச் சாவியை ஒன்பது மடங்காக உயர்த்தினால் பத்தில் ஒரு பங்கு நொதிதான் சிக்கும்.

இரண்டாம் வகை, போட்டியிலாத் தடுப்பான். இது உண்மைச் சாவியின் இடத்துக்குப் போட்டியிடுவதில்லை. பூட்டின் வேறொரு பாகத்தில் ஆணியைச் செருகி வைத்தது போல இருக்கும். சாவி எத்தனை முறை நுழைந்தாலும் பூட்டு திறக்காது. நூறு நொதிகளில் நாற்பதை இது பிடித்துவிட்டால் மீதி அறுபதுதான் வேலை செய்யும். தளப்பொருளை எத்தனை மடங்கு கூட்டினாலும் அறுபது அறுபதுதான். தடுப்பானை அகற்றினால் மட்டுமே நொதி மீளும்.

மூன்றாம் வகை, மீளாத் தடுப்பான். சாவித் துளையில் அரக்கை உருக்கி ஊற்றியது போன்றது இது. நொதியுடன் உறுதியான ரசாயனப் பிணைப்பை உண்டாக்கிக்கொள்கிறது. நஞ்சு உடலைவிட்டு நீங்கிய பின்னும் பூட்டு திறக்காது. உடல் புதிய பூட்டைச் செய்து மாட்டும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இனி ஒவ்வொரு வகையும் நம் தொழுவத்திலும் வயலிலும் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

போட்டி வகை: சல்பா மருந்துகள்

கோழிக்குஞ்சுகளுக்கும் ஆட்டுக்குட்டிகளுக்கும் வரும் ரத்தக் கழிச்சலுக்கும், சில கிருமி நோய்களுக்கும் கால்நடை மருத்துவர்கள் சல்பா மருந்துகளைக் கொடுப்பதுண்டு. முதல் சல்பா மருந்து 1930-களில் ஜெர்மனியில் கெர்ஹார்ட் டோமாக் என்பவரின் ஆய்வால் வெளிவந்தது. அது எப்படி வேலை செய்கிறது என்பதற்கான வழி 1940-ல் இங்கிலாந்தில் தெரிந்தது.

கிருமிகள் பாரா அமினோ பென்சாயிக் அமிலம் என்ற பொருளைக்கொண்டு போலிக் அமிலம் என்ற வைட்டமினைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன. சல்பா மருந்து இந்த அமிலத்தைப் போலவே உருவமுடையது. கிருமியின் நொதி ஏமாந்து சல்பாவைப் பற்றிக்கொள்ள, போலிக் அமிலம் உண்டாவது நின்று, கிருமி பெருக முடியாமல் போகிறது. நம் கால்நடைகளின் உடல் தன் போலிக் அமிலத்தைத் தானே தயாரிப்பதில்லை. தீவனத்திலிருந்தும் குடலில் உள்ள நுண்ணுயிர்களிடமிருந்தும் பெறுகிறது. ஆகவே கிருமிக்கு நஞ்சான மருந்து, சரியான அளவில், கால்நடைக்கு மருந்தாகிறது.

இது போட்டித் தடுப்பான் என்பதால் விவசாயி நினைவில் கொள்ள வேண்டியவை மூன்று.

ஒன்று, ரத்தத்தில் மருந்தின் அளவு குறைந்தால் போட்டியில் கிருமி வென்றுவிடும். முதல் வேளை கூடுதலாகவும், பின்னர் சில நாட்கள் விடாமலும் மருந்து கொடுக்கச் சொல்வது இதனால்தான். இரண்டு நாள் கொடுத்துவிட்டு, கழிச்சல் நின்றது என்று நிறுத்தினால் நோய் திரும்பும்.

இரண்டு, சீழ் பிடித்த புண்ணில் சல்பா பொடியைத் தூவுவதால் அதிகப் பயன் இல்லை. சீழில் மேலே சொன்ன அமிலமும் அது போன்ற பொருள்களும் நிறைந்திருக்கும். அதாவது உண்மைச் சாவிகள் அங்கே குவிந்து கிடக்கின்றன. முதலில் புண்ணைக் கழுவிச் சுத்தம் செய்த பிறகே மருந்து போட வேண்டும்.

மூன்று, மருந்து கொடுத்த பின் கால்நடை மருத்துவர் சொல்லும் நாட்கள் முடியும்வரை பாலையும் முட்டையையும் இறைச்சியையும் விற்கக் கூடாது. வீட்டிலும் பயன்படுத்தக் கூடாது.

போட்டியிலா வகை: இளஞ்சோளத்தின் நஞ்சு

கோடை மழைக்குப் பின் துளிர்த்த சோளத்தை மேய்ந்த மாடு சிறிது நேரத்திலேயே மூச்சுத் திணறி விழுந்து இறந்தது என்ற செய்தியை மானாவாரிப் பகுதி விவசாயிகள் அறிவார்கள். சோளப் பயிரில் டுரின் என்ற பொருள் உள்ளது. அது இருக்கும்வரை கெடுதல் இல்லை. அதைச் சிதைக்கும் நொதி பயிரில் வேறு அறையில் இருக்கிறது. மாடு கடித்து மெல்லும்போது இரண்டும் கலந்து, ஹைட்ரஜன் சயனைடு என்ற கொடிய நஞ்சு வெளியாகிறது.

நாம் மூச்சுவிடும் பிராணவாயுவை உயிரணுக்கள் பயன்படுத்த சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்ற நொதி தேவை. இந்த நொதியில் உள்ள இரும்பைச் சயனைடு பற்றிக்கொள்கிறது. ரத்தத்தில் பிராணவாயு நிறைந்திருந்தும் உயிரணுக்கள் அதை எடுத்துக்கொள்ள முடிவதில்லை. இறந்த மாட்டின் ரத்தம் இளஞ்சிவப்பாக இருப்பது இதனால்தான். குளம் நிறையத் தண்ணீர் இருந்தும் மதகு அடைபட்டதால் பயிர் வாடுவதைப் போன்றது இது.

மாட்டின் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 2 மில்லிகிராம் சயனைடு ஒரே நேரத்தில் உட்சென்றாலே உயிருக்கு ஆபத்து. அதாவது 300 கிலோ எடையுள்ள மாட்டுக்கு ஒரு கிராம் கூட வேண்டியதில்லை. ஆனால் "ஒரே நேரத்தில்" என்பதைக் கவனிக்க வேண்டும். இது மீளக்கூடிய தடுப்பு. நொதியின் பிடி தளரும்போது வெளிவரும் சயனைடை ஈரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தீங்கற்ற பொருளாக மாற்றி வெளியேற்றிவிடும். அதே அளவு நஞ்சு நாள் முழுதும் சிறுகச் சிறுக உட்சென்றால் மாடு தாங்கிக்கொள்ளக்கூடும்; பசித்த மாடு அரைமணி நேரத்தில் வயிறு முட்டத் தின்றால் பிழைப்பது அரிது.

சிகிச்சையும் இதே தத்துவத்தில் அமைந்தது. கால்நடை மருத்துவர் சோடியம் நைட்ரைட், சோடியம் தயோசல்பேட் என்ற இரு மருந்துகளை ரத்தக் குழாயில் செலுத்துவார். முதல் மருந்து, சயனைடை நொதியிடமிருந்து ரத்தத்துக்கு இழுத்துக்கொள்ள வழிசெய்யும். இரண்டாவது, ஈரல் அதைத் தீங்கற்றதாக மாற்றும் வேலையை விரைவுபடுத்தும். தடுப்பான் அகன்றதும் நொதி உடனே வேலையைத் தொடங்கும். அதனால், விழுந்து கிடக்கும் மாடு கூடச் சரியான நேரத்தில் ஊசி போட்டால் சிறிது நேரத்தில் எழுந்து நிற்பதுண்டு. தாமதம்தான் எமன்.

வருமுன் காப்பதே மேல். முழங்கால் உயரத்துக்குக் கீழ் உள்ள இளஞ்சோளத்தையும், வறட்சியில் வாடி நின்று மழைக்குப் பின் துளிர்த்த சோளத்தையும், அறுத்த தாளில் புதிதாக வந்த மறுதாம்புத் துளிரையும் மேயவிடக் கூடாது. தழைச்சத்து உரத்தை அதிகமாக இட்ட பயிரிலும் இந்த நஞ்சு கூடுதலாக இருக்கும். பூக்கும் பருவத்தில் அறுத்துக் கொடுப்பது நல்லது. வெயிலில் நன்கு உலர்த்திய தட்டையிலும், முறையாகப் பதப்படுத்திய ஊறுகாய்ப்புல்லிலும் நஞ்சு பெருமளவு குறைந்துவிடும். மாட்டைச் சோளக்காட்டுக்குப் பசியோடு ஓட்டிச் செல்லாமல், முதலில் வைக்கோல் போட்டு வயிற்றை ஓரளவு நிரப்பிவிடுவது நல்ல வழக்கம்.

மீளா வகை: பாஸ்பரஸ் பூச்சிமருந்துகள்

இனி நாம் தொடங்கிய கேள்விக்கு வருவோம்.

நரம்பு, தசைக்குக் கட்டளை அனுப்பும்போது அசிட்டைல்கோலின் என்ற பொருள் வெளியாகிறது. கட்டளை முடிந்ததும் அதை உடனே சிதைத்துவிட வேண்டும். இல்லையேல் தசை துடித்துக்கொண்டே இருக்கும். உமிழ்நீரும் வியர்வையும் சுரந்துகொண்டே இருக்கும். இதைச் சிதைக்கும் நொதி அசிட்டைல்கோலினெஸ்டிரேஸ். ஒரு நொடியில் பல ஆயிரம் தளப்பொருள் மூலக்கூறுகளைச் சிதைக்கும் அதிவேக நொதி இது. பூச்சிக்கும் மனிதனுக்கும் மாட்டுக்கும் இது பொதுவானது. ஆகவே இதைத் தடுக்கும் மருந்து பூச்சியை மட்டுமே கொல்லும் என்று எண்ணுவது தவறு.

இந்த நொதியைத் தடுக்கும் மருந்துகள் இரு குடும்பங்களைச் சேர்ந்தவை. ஒன்று, கார்போஃபியூரான், கார்போசல்பான், தயோடிகார்ப் போன்ற கார்பமேட் மருந்துகள். மற்றொன்று, குளோர்பைரிபாஸ், குயினால்பாஸ், டைமெத்தோயேட், அசிபேட், புரபெனோபாஸ் போன்ற கரிம பாஸ்பரஸ் மருந்துகள். இரண்டுமே நொதியின் செயல்மையத்தில்தான் போய் அமர்கின்றன.

கார்பமேட் அமர்ந்த இடத்திலிருந்து தானாகவே சில மணி நேரத்தில் சிதைந்து விலகிவிடும். நொதி மீண்டும் வேலைக்குத் திரும்பும். எனவே ஆபத்துக் கட்டத்தைத் தாண்டியவருக்குப் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் குறிகள் மறைந்துவிடும். அந்தக் கட்டத்துக்குள் மூச்சு நின்று உயிர் போகவும் கூடும் என்பதால், இதை எளிய மருந்து என்று அலட்சியம் செய்யக் கூடாது.

பாஸ்பரஸ் மருந்து அப்படி விலகுவதில்லை. மேலும், நேரம் செல்லச் செல்ல அந்தப் பிணைப்பு இறுகுகிறது. விஞ்ஞானிகள் இதை "முதுமையடைதல்" என்பர். இறுகிய பின் எந்த மருந்தாலும் நொதியை மீட்க முடியாது. டைமெத்தோயேட் போன்ற மருந்துகளில், தடுக்கப்பட்ட நொதியில் பாதி சுமார் 4 மணி நேரத்திலேயே இறுகிவிடும். குளோர்பைரிபாஸ், குயினால்பாஸ் போன்றவற்றில் இதற்குச் சுமார் 33 மணி நேரம் ஆகும். ஆஸ்பத்திரிக்குப் போக எவ்வளவு விரைகிறோம் என்பதில் உயிர் அடங்கியிருப்பது இதனால்தான். எந்த மருந்து உட்சென்றது என்று டாக்டருக்குத் தெரிவதும் இதனால்தான் அவசியமாகிறது. டப்பாவையோ அதன் லேபிளையோ உடன் எடுத்துச் செல்ல மறக்கக் கூடாது.

ஆஸ்பத்திரியில் இரண்டு மருந்துகளைப் பற்றிக் கேள்விப்படுவீர்கள். அட்ரோபின் நொதியைத் தொடுவதே இல்லை. அசிட்டைல்கோலின் சென்று சேரும் இடத்தில் அதனுடன் போட்டியிட்டு, சுரப்பையும் மூச்சுத் திணறலையும் தணிக்கிறது. போட்டி என்பதால் அளவை விடாமல் கவனித்துக் கூட்டியும் குறைத்தும் டாக்டர் கொடுக்க வேண்டியிருக்கிறது. பிராலிடாக்சிம் என்ற மருந்து, இறுகாத நொதியிலிருந்து பாஸ்பரஸ் நஞ்சைப் பிடுங்கி எறியும் தன்மையுடையது. அதை யாருக்கு, எப்போது, எவ்வளவு கொடுப்பது என்பதில் மருத்துவ உலகில் கருத்து வேறுபாடு உண்டு. அந்த முடிவை டாக்டரிடமே விட்டுவிட வேண்டும். ஊமத்தையில் அட்ரோபின் வகைப் பொருள் இருக்கிறது என்று கேள்விப்பட்டு அதை வீட்டில் அரைத்துக் கொடுப்பது, ஒரு நஞ்சின் மேல் இன்னொரு நஞ்சைச் சேர்ப்பதாகும்.

இன்னொரு முக்கியச் செய்தி. குளோர்பைரிபாஸ், குயினால்பாஸ் போன்றவை ஈரலில் மாற்றமடைந்த பிறகே முழு வீரியம் பெறுகின்றன. வயலில் நன்றாக இருந்தவருக்கு இரவில் குறிகள் தோன்றலாம். அதேபோல, முதல் நாள் தேறிவிட்டவருக்கு ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் தளர்ந்து ஆபத்து வரலாம். இதை 1987-ல் இலங்கை மருத்துவர்கள் விளக்கமாக எடுத்துரைத்தனர். கழுத்தைத் தூக்க முடியவில்லை என்று நோயாளி சொன்னால் அது அபாயக் குறி. எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார் என்பதற்காக, டாக்டர் சொல்வதற்கு முன் வீட்டுக்கு அழைத்து வந்துவிடக் கூடாது.

கூலிக்கு மருந்து அடிப்பவர் கவனத்துக்கு

மீளாத் தடுப்பில் இன்னொரு கேடு ஒளிந்திருக்கிறது. நஞ்சு உடலில் சேர்வதில்லை, சிறுநீரில் போய்விடுகிறது என்று சொல்வார்கள். நஞ்சு போய்விடலாம், ஆனால் அது கெடுத்த நொதி கெட்டதுதான். சிவப்பணுவில் உள்ள இந்த நொதி, பழைய அணு போய்ப் புதிய அணு வந்தால்தான் திரும்பும். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். ஆகவே நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம்தான் மீட்சி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் திங்களன்று மருந்து அடித்ததில் நொதியில் 15 சதவீதத்தை இழக்கிறார். எந்தக் குறியும் தெரியாது. வியாழனன்று மற்றொருவர் தோட்டத்தில் மேலும் 15, அடுத்த திங்களன்று மேலும் 15 என்று வைத்துக்கொண்டால், இடையில் மீண்டது ஏழெட்டுச் சதவீதம்தான். இன்னும் ஒரு நாள் அடித்தால் பாதி அளவை எட்டிவிடுகிறார். பொதுவாகப் பாதிக்கு மேல் இழந்த பிறகே குறிகள் வெளிப்படையாகத் தோன்றும். "இத்தனை நாள் அடித்தேன், ஒன்றும் ஆகவில்லை; இன்று மட்டும் எப்படி?" என்று அவர் திகைப்பார். இன்று வந்தது இன்றைய மருந்தால் மட்டும் அல்ல.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இத்தகைய மருந்துகளை அடிக்கடி கையாளும் தொழிலாளருக்கு ரத்தத்தில் இந்த நொதியைச் சோதிக்கும் முறை 1974 முதல் இருந்து வருகிறது. வேலை தொடங்கும் முன் முதலில் அளந்துகொள்வார்கள். சிவப்பணு நொதி அந்த அளவில் 70 சதவீதத்துக்கு இறங்கினால் அவரை மருந்து வேலையிலிருந்து விலக்கிவிடுவார்கள். 80 சதவீதத்துக்கு ஏறிய பின்பே மீண்டும் அனுமதிப்பார்கள். நம் ஊரில் பருத்திக்கும் கத்தரிக்கும் காய்கறிக்கும் தொடர்ந்து மருந்து அடிப்பவர்கள், அரசு மருத்துவரிடம் கேட்டு, பருவத்தின் தொடக்கத்தில் ஒரு முறையும் நடுவில் ஒரு முறையும் இந்தச் சோதனையைச் செய்துகொள்வது உயிருக்குப் பாதுகாப்பு. ஒருவரையே நாள்தோறும் அடிக்கச் சொல்லாமல் ஆள் மாற்றி அனுப்புவது நிலச் சொந்தக்காரரின் பொறுப்பு. ஒருமுறை நஞ்சேறிப் பிழைத்தவரை, டாக்டர் அனுமதிக்கும்வரை, பாஸ்பரஸ், கார்பமேட் இரண்டின் பக்கமும் விடக் கூடாது.

இந்தியாவில் போரேட், டிரையசோபாஸ், டைகுளோர்வாஸ் போன்ற பாஸ்பரஸ் மருந்துகள் 2018-ல் வெளியான அரசாணையின்படி 2020 டிசம்பர் 31 முதல் தடை செய்யப்பட்டன. பழைய இருப்பு பரணில் கிடந்தால் எடுத்துப் பயன்படுத்தக் கூடாது. டப்பாவின் முக்கோணக் குறியைப் பாருங்கள். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு. மஞ்சள் அதற்கு அடுத்தது. நீலமும் பச்சையும் அதற்கும் குறைந்தவை. குறைந்தவை என்றால் நஞ்சே இல்லை என்று பொருள் அல்ல.

களைக்கொல்லியில் ஒரு பாடம்

நொதி தடுக்கப்படும் இடத்தைப் பொறுத்தே களையும் பூச்சியும் மருந்துக்குப் பழகிப்போவதும் அமைகிறது. நெல்லில் இடும் பிஸ்பைரிபாக் சோடியம், பைரசோசல்பியூரான், பென்சல்பியூரான் ஆகியவை அசிட்டோலாக்டேட் சிந்தேஸ் என்ற ஒரே நொதியைத் தடுக்கின்றன. வேலின், லூசின், ஐசோலூசின் என்ற மூன்று அமினோ அமிலங்களைச் செடி தயாரிக்க இந்த நொதி வேண்டும். அது நின்றதும் களையின் வளர்ச்சி நின்று, இரண்டு மூன்று வாரத்தில் மடிகிறது. மனிதருக்கும் மாட்டுக்கும் இந்த நொதியே கிடையாது. ஆகவே இவை நமக்கு ஒப்புநோக்கில் குறைந்த நஞ்சுடையவை.

ஆனால் இவை தளப்பொருளைப் போன்ற உருவமுடையவை அல்ல. செயல்மையத்தில் தளப்பொருளின் இருக்கையில் அமராமல், அதற்குச் செல்லும் வழியை அடைத்துக்கொள்கின்றன. அந்த வழியில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறிவிட்டாலும் மருந்து பற்றிக்கொள்ள இடமில்லாமல் போய்விடும். நொதியோ வழக்கம்போல் வேலை செய்யும். அத்தகைய ஓரிரு செடிகள் வயலில் முன்பே இருக்கும். ஒரே மருந்தை ஆண்டுதோறும் அடித்தால் மற்றவை மடிய, அவை மட்டும் விதைத்துப் பெருகும். இவ்வகையில் முதல் மருந்துகளில் ஒன்றான குளோர்சல்பியூரான் 1982-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 1987-லேயே அங்கே அதற்கு அடங்காத களைகள் தென்பட்டன.

இதிலிருந்து கற்க வேண்டியது, டப்பாவின் பெயரை மாற்றுவது மருந்தை மாற்றுவதாகாது என்பதே. சென்ற பருவம் பைரசோசல்பியூரான், இந்தப் பருவம் பிஸ்பைரிபாக் என்றால் நொதி மாறவில்லை. பிரெட்டிலாகுளோர், பியூட்டாகுளோர் போன்றவை வேறு நொதிகளைத் தாக்குபவை. அவற்றுடன் மாற்றிப் பயன்படுத்துவதே உண்மையான மாற்றம். கோனோ வீடரும் கைக்களையும் எந்த நொதியையும் சார்ந்தவை அல்ல. அவற்றுக்கு எந்தக் களையும் பழகிப்போவதில்லை. பூச்சிமருந்திலும் இதே விதிதான். பாஸ்பரஸ் மருந்துக்கு அடங்காத பூச்சிக்குக் கார்பமேட் அடிப்பது, அதே பூட்டில் வேறொரு பொய்ச்சாவியைச் செருகுவதுதான்.

இரண்டு தடுப்பான்கள் சேர்ந்தால் எதிர்பாராத தீமை விளையும் என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்க நெல் வயல்களில் பயன்படும் புரோபனில் என்ற களைக்கொல்லியை நெற்பயிர் தன்னிடமுள்ள ஒரு நொதியால் சிதைத்துத் தப்பிக்கிறது. களைக்கு அது முடியாததால் மடிகிறது. பாஸ்பரஸ், கார்பமேட் மருந்துகள் நெல்லின் அந்த நொதியையும் தடுத்துவிடுகின்றன. அவற்றைப் புரோபனிலுடன் அடுத்தடுத்து அடித்தால் களையோடு நெல்லும் கருகும். இரண்டுக்கும் இடையே இரு வாரம் விடும்படி அங்கே எச்சரிக்கிறார்கள். சிபாரிசில் இல்லாத எந்தக் கலவையையும் டேங்கில் கலக்க வேண்டாம் என்று நாங்கள் வற்புறுத்துவது இதுபோன்ற காரணங்களால்தான்.

நஞ்சேறினால் உடனே செய்ய வேண்டியவை

கண்மணி ஊசிமுனை போல் சுருங்குதல், பார்வை மங்கல், உமிழ்நீர், கண்ணீர், வியர்வை பெருகுதல், வாந்தி, வயிற்றுப்போக்கு, தசைத் துடிப்பு, மூச்சுத் திணறல் ஆகியவை முக்கியக் குறிகள். இவற்றில் ஒன்றிரண்டு தெரிந்தாலே வேலையை நிறுத்த வேண்டும்.

1. நஞ்சேறியவரை வயலைவிட்டுக் காற்றோட்டமான நிழலுக்குக் கொண்டுசெல்லுங்கள். உதவுபவர் வெறும் கையால் நஞ்சைத் தொடக் கூடாது.

2. மருந்து பட்ட துணிகளைக் களைந்து, உடலையும் தலைமுடியையும் சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால் சுத்தமான நீரால் கால் மணி நேரம் கழுவுங்கள்.

3. உப்புக் கரைசல், புளிக் கரைசல், எண்ணெய், பால் எதையும் புகட்ட வேண்டாம். வாந்தி எடுக்கச் செய்யவும் வேண்டாம். வாந்தி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. நினைவு தப்பியவரை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

4. உடனே 108 ஆம்புலன்சை அழையுங்கள். டப்பாவை அல்லது லேபிளை டாக்டரிடம் கொடுங்கள். உட்சென்ற நேரத்தையும் சொல்லுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால், போட்டித் தடுப்பில் அளவு முக்கியம். போட்டியிலாத் தடுப்பில் தடுப்பானை அகற்றுவது முக்கியம். மீளாத் தடுப்பில் நேரமும், அதன் பின் ஓய்வும் முக்கியம். கடைக்காரர் கொடுக்கும் டப்பாவை வாங்கும்போது, "இது எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது? சென்ற முறை அடித்ததும் இதுவும் ஒன்றா?" என்று கேளுங்கள். உள்ளே வைத்திருக்கும் தமிழ்த் துண்டுப் பிரசுரத்தைப் படியுங்கள். படிக்கத் தெரியாதவருக்குப் படித்துச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தையோ வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகுங்கள். தெளிப்பானைத் தோளில் மாட்டுவதற்கு முன் இந்தச் சில நிமிடங்களை ஒதுக்குவது, ஒரு குடும்பத்தின் உழைப்பாளியைக் காப்பாற்றும்.